சிஸ்டத்தில் 1,286 கிலோ, குடோனில் 874 கிலோ: எந்தக் கணக்கை நம்புவது?

பின்னல்_திருப்பூர் (செவ்வாய், இரவு 11.20)

தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். திருப்பூரில் எங்களுக்கு 90 மெஷின் ஓடுகிற பனியன் கம்பெனி. அப்பா ஆரம்பித்தது, நான் உள்ளே வந்து ஆறு வருஷம். போன வருஷம் ஜனவரியில் ஈ.ஆர்.பி. (கம்பெனியின் எல்லா வேலைக் கணக்கையும் ஒன்றாக வைக்கிற மென்பொருள்) போட்டோம். நான்தான் அப்பாவிடம் மல்லுக்கட்டி வாங்க வைத்தேன். நூல் வாங்குவதில் ஆரம்பித்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் வரைக்கும் எல்லாம் ஒரே திரையில் தெரியும், எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று பத்துப் பேருக்குப் போன் போட வேண்டாம் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு பையர் ரிப்பீட் ஆர்டர் கேட்டார், கறுப்பு சிங்கிள் ஜெர்சி (பனியன் துணியில் ஒரு வகை). சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன், கையிருப்பு 1,286 கிலோ என்று காட்டியது. ஆர்டருக்கு 1,200 போதும். துணி கையில் இருக்கிறது, மூன்று வாரத்தில் தருகிறேன் என்று அன்றைக்கே மெயில் அனுப்பிவிட்டேன். கட்டிங் ஆரம்பித்து நாலாவது நாள் கட்டிங் மாஸ்டர் மேலே வந்து, "துணி முடிஞ்சுது தம்பி" என்கிறார். வெட்டியதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் குடோனில் மொத்தமே 874 கிலோதான் இருந்திருக்கிறது. மார்ச் கடைசியில்தான் எல்லாவற்றையும் எடை போட்டு, ஏப்ரல் 1-ம் தேதி சிஸ்டமும் குடோனும் ஒன்று என்று கையெழுத்துப் போட்டோம். மூன்றரை மாதத்தில் 412 கிலோ எங்கே போயிற்று?

திரும்ப நிட்டிங், திரும்ப டையிங். கப்பலில் போக வேண்டிய சரக்கு ஏரில், அதாவது விமானத்தில் போனது, செலவு எங்கள் தலையில். அப்பா கொதித்துப் போயிருக்கிறார். ஸ்டோர்கீப்பர் அண்ணன் எங்களிடம் 11 வருஷமாக இருக்கிறார், குடோன் சாவி அவரிடம்தான். கிலோ 400 ரூபாய் என்று வைத்தால்கூட 1,64,800 ரூபாய் வருகிறது, மாதம் 5,000 பிடித்தம் செய் என்கிறார் அப்பா. அந்த அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எல்லாம் என் நோட்டுல இருக்கு." அதற்கப்புறம் இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. நோட்டைப் பார்க்கலாம் என்று நான் சொன்னால், "இவ்வளவு பணம் கொட்டி சிஸ்டம் வாங்கினது நோட்டைப் பார்க்கவா?" என்று அப்பா கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

கோ_லைவ் (புதன், காலை 7.05)

சென்னையில் பத்து வருஷமாக ஈ.ஆர்.பி. நிறுவித் தருகிற வேலையில் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. பக்கத்தில் ஒரு நோட்டு ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்த சிஸ்டமும் உருப்படாது. ஒரே துணிக்கு இரண்டு இடத்தில் கணக்கு இருந்தால், ஆட்கள் தங்களுக்கு வசதியான இடத்தில் உண்மையை எழுதுவார்கள், மற்ற இடத்தில் ஒப்புக்கு எழுதுவார்கள். உங்கள் குடோனில் உண்மை நோட்டுக்குப் போயிருக்கிறது.

பழக்கத்தை மாற்ற மாட்டேன், மென்பொருள்தான் எனக்காக வளைய வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் லிட்ல் சூப்பர் மார்க்கெட்டைப் பாருங்கள். 2011-ல் எஸ்.ஏ.பி. என்கிற ஈ.ஆர்.பி. மென்பொருளைப் போடுகிற வேலையை ஆரம்பித்தார்கள். சரக்கு மதிப்பை வாங்கிய விலையில் போடுவது அவர்கள் வழக்கம், அந்த மென்பொருளோ விற்கும் விலையில் போடும். வழக்கத்தை விட முடியாது என்று மென்பொருளை வெட்டி ஒட்டிக்கொண்டே போனார்கள். 2018-ல் மொத்தத்தையும் கைவிட்டார்கள், அதற்குள் சுமார் 50 கோடி யூரோ போய்விட்டதாகச் செய்தி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

நோட்டை நிறுத்துங்கள். என்ட்ரி போடாமல் ஒரு ரோல்கூட வெளியே போகக் கூடாது என்று பூட்டுப் போடுங்கள். பிடித்தம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது உங்கள் வீட்டு விஷயம்.

குடோன்_சாவி (புதன், காலை 9.40)

மேலே எழுதியவர் ஒரு நாளாவது இரவு ஷிப்டில் குடோனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா? நான் கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், 19 வருஷம். நான் நோட்டில் எழுதுகிற ஆள்தான். ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு டையிங்கில் இருந்து வண்டி வரும். டிரைவருக்கு இன்னும் இரண்டு இடம் போக வேண்டும், ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பான். 40 ரோல் இறங்க வேண்டும், லோடுமேன் இரண்டு பேர்தான். ஒவ்வொரு ரோலையும் தராசில் வைத்து, எடையைப் பார்த்து, ரோல் மேல் மார்க்கரில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் ஆபீஸ் ரூமில் இருக்கிறது, ஆபீஸ் ரூமை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அப்போது நான் எங்கே எழுதுவது? சட்டைப்பையில் இருக்கிற நோட்டில்தான் எழுதுவேன். மறுநாள் காலையில் திரையைத் திறந்தால் லாட் நம்பர், பார்ட்டி கோடு, கலர் கோடு, ஜி.எஸ்.எம்., டயா என்று 14 கட்டம். கலர் கோடு பட்டியலில் கறுப்பு மட்டும் ஆறு வகையாக இருக்கிறது, எதைத் தொடுவது என்று கேட்டால் ஆபீஸில் இருக்கிற பிள்ளைக்கே தெரியாது.

திருப்பூர் தம்பி, இதை மட்டும் பாருங்கள். துணி டையிங் போய்த் திரும்பும்போது எடை குறையும், இது உங்களுக்கே தெரியும். 100 கிலோ அனுப்பினால் 94, 95 வரும். எங்கள் சிஸ்டத்தில் அனுப்பிய டி.சி. (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) நம்பரைத் தட்டினால் அனுப்பிய எடையே வரவு எடையாக வந்து நிற்கும். அதை மாற்றினால் டி.சி. முடியாது, 'பாக்கி இருக்கிறது' என்று சிவப்பில் காட்டும். டி.சி. முடியவில்லை என்றால் டையிங்காரர் பில் பாஸ் ஆகாது. பில் பாஸ் ஆகவில்லை என்றால் அக்கவுண்ட்ஸில் இருந்து எனக்குத்தான் திட்டு. அப்போது நான் என்ன செய்வேன்? ஓகே தட்டிவிட்டு, உண்மையான எடையை நோட்டில் எழுதிக்கொள்வேன். உங்கள் கம்பெனியிலும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் 'என் நோட்டுல இருக்கு' என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. திருடுகிறவன் நோட்டு வைத்துக்கொள்ள மாட்டான்.

ஸ்காபரோ_மணி (புதன், மாலை 5.15)

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருஷத்துக்கு மேலாக ரொறன்ரோ. கிடங்கு வேலைதான். குடோன்_சாவி அண்ணை எழுதினதை வாசிக்க இங்கே டார்கெட் வந்து போன கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. அது எல்லோருக்கும் தெரிய வேண்டிய கதை.

அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலியான டார்கெட் கனடாவுக்குள் வந்து, 2013 மார்ச்சில் முதல் கடைகளைத் திறந்தது. இரண்டு வருஷத்துக்குள் 133 கடை. சனம் ஆசையோடு போனது, போய்ப் பார்த்தால் தட்டுகள் வெறுமை. ஆனால் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. பொருள் இல்லாமல் இல்லை, இருக்கிற பொருளைக் கடைக்கு எடுத்துவர முடியவில்லை. காரணம் என்னவென்று பிறகு பத்திரிகைகளில் விரிவாக வந்தது. கனடாவுக்கென்று புதிதாக ஒரு எஸ்.ஏ.பி. சிஸ்டம் போட்டார்கள், ஏறக்குறைய 75,000 பொருட்களின் விவரங்களை அவசர அவசரமாக ஏற்ற வேண்டி வந்தது. சென்ரிமீற்றரில் போட வேண்டியதை அங்குலத்தில் போட்டார்கள், நீளம் இருக்கிற இடத்தில் அகலத்தைப் போட்டார்கள். அளவு பிழையானால் பெட்டி பிழையாகும், பெட்டி பிழையானால் லொறியும் தட்டும் பிழையாகும். பிழை என்று கண்டாலும் நின்று திருத்துவதற்கு அவகாசம் இல்லை, கடை திறக்கிற திகதி முன்கூட்டியே குறித்தாயிற்று.

எனக்கு இதில் பெரிய பாடமாகப் படுவது வேறொன்று. கடையில் எவ்வளவு பொருள் கைவசம் இருக்கிறது என்கிற வீதத்தை வைத்துத்தான் ஊழியர்களின் வேலையை மதிப்பிட்டார்கள். தட்டு வெறுமையாகிவிட்டால் அந்த வீதம் விழும். அதைத் தடுக்கச் சிலர், குறித்த பொருளுக்கு உரிய தானியங்கி நிரப்பலை, அதாவது குறையக் குறையத் தானாகவே பொருளை வரவழைக்கிற ஏற்பாட்டை, சிஸ்டத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் அந்தப் பொருள் கணக்கிலேயே வராது, வீதம் நல்லாகத் தெரியும். மேலே இருக்கிறவர்கள் அந்த நல்ல வீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 ஜனவரியில் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், 17,600 பேருக்கு வேலை போனது. அதில் எங்கட ஆட்களும் இருந்தார்கள்.

தம்பி, உங்கட ஸ்டோர்கீப்பர் ஓகே அமத்தியிருந்தால் அவருக்கு என்ன நெருக்கடி இருந்தது என்று முதலில் கேளுங்கோ.

பேரேடு (புதன், இரவு 8.30)

ஈரோட்டில் 38 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சிட்டை, பேரேடு காலத்தில் ஆரம்பித்து டேலி என்கிற கணக்கு மென்பொருள் வரைக்கும் வந்தேன். சிஸ்டம் கூடாது என்று சொல்கிற கட்சி நான் இல்லை. ஆனால் கோ_லைவ் தம்பி சொன்னதில் பாதிதான் எனக்கு ஏற்பு.

டேலி எப்படி வந்தது தெரியுமா? ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்கிற வியாபாரி. தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். கணக்கு வேண்டியவரும் மென்பொருள் எழுதியவரும் ஒரே வீட்டு ஆட்கள். இது எனக்கு வேண்டும், இது எனக்குத் தடையாக இருக்கிறது என்று அன்றன்றைக்கே சொல்லிவிடலாம். பின்னல் தம்பி, நீங்கள் ஈ.ஆர்.பி. போட்டபோது வெண்டர் ஆட்கள் யாரோடு உட்கார்ந்தார்கள்? உங்களோடும் அக்கவுண்ட்ஸோடும் மட்டுமா, அந்த ஸ்டோர்கீப்பரையும் கூப்பிட்டீர்களா?

அடுத்தது இன்னும் முக்கியம். நம் ஊரில் எல்லோரும் ஒழுங்காக என்ட்ரி போடுகிற ஒரு சிஸ்டம் உண்டென்றால் அது ஜி.எஸ்.டி.தான். பயத்தில்தான் போடுகிறார்கள் என்பார்கள். பயம் பாதிதான் காரணம். எனக்குச் சரக்குக் கொடுத்தவர் மாதாமாதம் 11-ம் தேதிக்குள் தன் விற்பனையை ஏற்ற வேண்டும், அது 14-ம் தேதி என் 2பி-யில் (நான் வாங்கிய பில்களின் பட்டியல்) வந்து விழும், அதைப் பார்த்து நான் 20-ம் தேதிக்குள் 3பி (மாத வரிக் கணக்கு) போடுவேன். 2022 ஜனவரியில் இருந்து, 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது நான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் அவர் ஒரு பில்லை விட்டுவிட்டால் 14-ம் தேதி மத்தியானமே நான் போன் போட்டுவிடுவேன். அவர் தப்பு என் பணத்தைத் தொடுகிறது, நான் சும்மா இருக்க மாட்டேன். உங்கள் குடோனில் எடை தப்பாக ஏறினால் மறுநாள் யார் போன் போடுகிறார்கள்? யாரும் இல்லை. மூன்றரை மாதம் தூங்கிவிட்டு, ஏர் பில்லாக வந்து நிற்கிறது.

பழைய பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு எங்கே, எப்போது திருத்தினது, யார் திருத்தினது என்று பத்து வருஷம் கழித்தும் தெரியும். உங்கள் சிஸ்டத்தில் ஒருவர் எடையைத் திருத்த நினைத்தால் அதற்கு வழி இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

வார்டு_நைட் (புதன், இரவு 11.55)

நான் ஸ்டாஃப் நர்ஸ், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. துணிக்கதை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த 'ஓகே' கதை நன்றாகத் தெரியும். நாலு மணிநேரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல், பி.பி. பார்த்து ஏற்ற வேண்டும். இரவில் இரண்டு பேர், 22 படுக்கை. நேரம் தாண்டினால் பேஷண்ட் பெயர் சிவப்பாகிவிடும், காலையில் மேட்ரன் கேட்பது சிவப்பைத்தான். சிவப்பு வராமல் இருக்க என்னவெல்லாம் செய்யத் தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அதைச் செய்யவில்லை, ஆனால் அந்த ஆசை வருகிற நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த அண்ணனிடம் உட்கார்ந்து பேசுங்கள், தயவுசெய்து.

கோ_லைவ் (வியாழன், காலை 7.30)

குடோன்_சாவி அண்ணன் எழுதியதை மூன்று தடவை படித்தேன். டி.சி. விஷயம் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். நாங்களே அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறோம், ஆட்களுக்கு வேலை குறையட்டும் என்று நினைத்துத்தான் எடையை முன்கூட்டியே நிரப்பி வைப்போம்.

அந்த யோசனை கெட்ட யோசனை இல்லை. வியாபாரத்துக்கென்று ஓடிய முதல் கம்ப்யூட்டர் லண்டனில் டீக்கடை நடத்திய லயன்ஸ் கம்பெனியுடையது, பெயர் லியோ, 1951-ல் அவர்கள் பேக்கரிக் கணக்கைப் போட்டது. அப்புறம் டீக்கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற வேலையையும் அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நிரந்தர ஆர்டர் ஒன்று உள்ளே இருக்கும். கடையைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி தினமும் போனில் கூப்பிட்டு, இன்றைக்கு இது கூட, இது குறைய என்று மாற்றத்தை மட்டும் சொல்வார். எதிர்முனையில் இருப்பவர் கேட்கக் கேட்கவே அட்டையில் துளை போட்டுக்கொள்வார். மாறாததை யாரும் திரும்ப எழுத வேண்டாம். இன்றைக்கும் நல்ல சிஸ்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அங்கே மாற்றம் சொல்வது சுலபம், ஒரு போன்தான். அதற்காக யாரும் திட்டு வாங்கவில்லை. நாம் முன்கூட்டி நிரப்பிவிட்டு, மாற்றுகிறவனைத் தண்டிக்கிற மாதிரி பில்லோடு கட்டிப் போட்டிருக்கிறோம். நோட்டை நிறுத்துங்கள் என்று நான் சொன்னது அவசரம். இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். பின்னல், வரவுத் திரையை ஒரு தடவை நீங்களே திறந்து, ஒரு பழைய டி.சி. நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

குராய்டன்வாசி (வியாழன், பிற்பகல் 3.10)

பிடித்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வந்தேன். லண்டனில் இருக்கிறேன், என் மாமா ஒரு தபால் நிலையக் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் இருந்த பயம் எனக்கு நினைவிருக்கிறது.

பிரிட்டிஷ் தபால் நிறுவனம் 1999-ல் ஹொரைசன் என்ற கணினி அமைப்பைக் கிளைகளில் கொண்டுவந்தது, புஜித்சு பராமரித்தது. கிளையை நடத்துகிறவர்களில் நிறையப் பேர் கடைக்காரர்கள், தெற்காசியக் குடும்பங்கள் கணிசம். மாலையில் கணக்கு முடித்தால் திரை பல ஆயிரம் பவுண்டு குறைகிறது என்று காட்டும், கல்லாப்பெட்டியில் எதுவும் குறைந்திருக்காது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, வேறு யாரும் புகார் சொல்லவில்லை என்பார்கள். பலரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஒப்பந்தப்படி குறைகிற பணத்தைக் கிளைக்காரர் கட்ட வேண்டும். நகையை விற்றுக் கட்டினார்கள், வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். 'இது தவறு, விசாரியுங்கள்' என்று சொல்ல அந்தத் திரையில் ஒரு பொத்தான் கிடையாது.

900 பேருக்கு மேல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சீமா மிஸ்ரா என்பவர் 2010-ல் வயிற்றில் குழந்தையோடு சிறைக்குப் போனார். வேல்ஸில் கிளை வைத்திருந்த ஆலன் பேட்ஸ், குறைகிறதாகச் சொன்ன பணத்தைக் கட்ட மறுத்தார், கிளை பறிபோனது. அவர் மற்றவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்து, 555 பேராக வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர், அந்த அமைப்பில் பிழைகள் இருந்தன, அவற்றால் கிளைக் கணக்கில் குறை காட்டியிருக்கும் என்று தீர்ப்பு எழுதினார். கிளைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கிளைக் கணக்கை மாற்ற முடியும் என்பதும் வெளியே வந்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

உங்கள் கம்பெனி சின்னது, 412 கிலோ துணி, ஒரு மனிதர். ஆனால் கேள்வி அதேதான். திரை சொல்கிற எண்ணும் ஒரு மனிதர் சொல்கிற எண்ணும் வேறாக இருந்தால், நிரூபிக்கிற பொறுப்பை அந்த மனிதர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். தன் பக்கத்தை நிரூபிக்க அவரிடம் அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள்.

பேரேடு (வியாழன், மாலை 6.00)

குராய்டன் தம்பி எழுதியதோடு ஒன்று. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைப்பது முதலாளி இஷ்டம் இல்லை. அந்தப் பொருள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நஷ்டம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன்னால் காரணம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். 1936 சம்பளச் சட்டத்தில் இருந்தே இது இருக்கிறது. அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், என் வயசுக்காரர் சொன்னால் கேட்பார்.

பின்னல்_திருப்பூர் (வெள்ளி, இரவு 10.15)

எல்லோருக்கும் நன்றி. நேற்றே எழுத நினைத்தேன், முடியவில்லை. இன்றைக்குக் காலையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கோ_லைவ் சொன்ன மாதிரி வரவுத் திரையைத் திறந்து ஒரு பழைய டி.சி. நம்பரைத் தட்டினேன். 642 கிலோ அனுப்பியது, வரவுக் கட்டத்திலும் 642 தானாகவே வந்து நின்றது. அதை 606 என்று மாற்றிப் பார்த்தேன். சிவப்பு. 'டி.சி. நிலுவை: 36 கிலோ'. பில் பக்கம் போனால் அந்த டி.சி. பட்டியலிலேயே இல்லை. குடோன்_சாவி அண்ணா, எழுத்துக்கு எழுத்து நீங்கள் சொன்னதுதான். பதினெட்டு மாதமாக அந்தத் திரையை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. நான் பார்ப்பது ரிப்போர்ட் மட்டும்தான்.

அப்புறம் கீழே போய், நோட்டைக் காட்டுங்கள் அண்ணா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு மேஜை டிராயரில் இருந்து எடுத்தார். நீல அட்டை போட்ட நீள நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. தேதி, வண்டி நம்பர், டி.சி. நம்பர், அதற்குக் கீழே ஒவ்வொரு ரோலின் எடையும் தனித்தனியாக, கடைசியில் கூட்டல். கட்டிங்குக்குக் கொடுத்ததும் அப்படித்தான், வாங்கினவர் கையெழுத்தோடு. அப்பாவையும் கூப்பிட்டேன். மூன்று பேரும் குடோனிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கறுப்பு ஜெர்சி டி.சி.களை மட்டும் எடுத்தோம். ஏப்ரலில் இருந்து 11 டி.சி., போனது 6,900 கிலோ. நோட்டுப்படி வந்தது 6,512. வித்தியாசம் 388 கிலோ. எல்லாம் டையிங்கில் குறைந்த எடை, எந்த டையிங்கிலும் குறைகிற அளவுதான். சிஸ்டத்தில் மட்டும் அது குறையவே இல்லை, அது துணியாகவே உள்ளே உட்கார்ந்திருந்தது. நான் அதை நம்பி மெயில் அனுப்பியிருக்கிறேன்.

மீதி 24 கிலோ. அப்பா அதை விடவில்லை, அப்போ அது எங்கே என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மே மாதப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். ஒரு ரோல், 24 கிலோ, சாம்பிள் செக்ஷன். சிலிப் நம்பர் எழுதுகிற இடத்தில், 'சின்னவர் போனில் சொன்னார், சிலிப் பிறகு' என்று எழுதியிருந்தது. அந்த போன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு பையர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார், அவசரம், ஒரு ரோலைக் கொடுங்கள் அண்ணா, சிலிப் அப்புறம் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தது அந்தப் பக்கத்தை அப்பா முன்னால் காட்ட வேண்டாம் என்றுதான். கேட்டதற்கு அதை மட்டும் சொன்னார்.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அப்பா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, "டீ வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். பிடித்தம் பேச்சு இனி இல்லை.

பேரேடு ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை, வெண்டர் வந்தபோது நாங்கள் அவரை உட்கார வைக்கவே இல்லை. பயிற்சி நாளில் ஒரு மணிநேரம் பின்னால் நிற்க வைத்தோம். அடுத்த வாரம் வெண்டர் ஆள் வருகிறார், இந்த முறை அண்ணன்தான் நாற்காலியில் உட்காருவார், நான் பக்கத்தில் இருப்பேன். மற்ற கலர் டி.சி.களையும் நோட்டு வைத்துத் திருத்த வேண்டும், நாளையே ஆரம்பிக்கிறோம்.

கோ_லைவ் (வெள்ளி, இரவு 11.00)

வெண்டரிடம் கேட்க வேண்டியது மூன்று. வரவு எடைக் கட்டம் காலியாக வரட்டும், ஆளே அடிக்கட்டும். அனுப்பியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் புரோசஸ் லாஸ் என்று தனியாக ஏறி, டி.சி. முடியட்டும். அந்தச் சதவீதம் வழக்கத்தை விடக் கூடினால் மட்டும் உங்கள் போனுக்குத் தகவல் வரட்டும், ஸ்டோர்கீப்பருக்குச் சிவப்பு வேண்டாம். இது ஒரு நாள் வேலைதான், பெரிய தொகை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நானும் திங்கட்கிழமை எங்கள் பழைய கஸ்டமர் இரண்டு பேர் திரையைத் திறந்து பார்க்கப்போகிறேன்.

பின்னல்_திருப்பூர் (வெள்ளி, இரவு 11.25)

குறித்துக்கொண்டேன். குடோன்_சாவி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. ராத்திரி வண்டி வரும்போது எடையை அங்கேயே ஏற்ற ஏதாவது வழி உண்டா? எங்கள் அண்ணனுக்குக் கண் கொஞ்சம் மங்கல், போனில் சின்ன எழுத்து அடிக்க முடியாது.

குடோன்_சாவி (சனி, காலை 6.10)

எங்கள் பக்கத்துக் கம்பெனியில் தராசோடு ஒரு சின்னப் பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். ரோலை வைத்ததும் எடையும் நம்பரும் போட்டு ஸ்டிக்கர் வரும், ஒன்றை ரோலில் ஒட்டிவிட்டு இன்னொன்றை நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். காலையில் ஆபீஸ் பிள்ளை நோட்டில் இருக்கிற ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணினால் போதும், அடிக்க வேண்டியதே இல்லை. அப்புறம், குடோனில் ஒரு நல்ல லைட் போட்டுக் கொடுங்கள் தம்பி. தராசு இருக்கிற மூலை எல்லாக் கம்பெனியிலும் இருட்டாகத்தான் இருக்கும்.